படம் பார்த்த நோட்டு: பழைய படமோ புதுப் படமோ, உங்கள் அனுபவத்தை எழுதிவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருந்த சித்தப்பா வருடா வருடம் ஒரு டைரி கொடுப்பார். 1996-ல் வந்த டைரியை நான் பார்த்த படங்களைக் குறித்துவைக்க எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு பக்கத்தில் 'உதிரிப்பூக்கள்' என்று தலைப்பு இருக்கிறது. கீழே ஒரே ஒரு வார்த்தை: அழுதேன்.

எந்த இடத்தில், எதற்காக, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எதுவும் இல்லை. மகேந்திரன் 1979-ல் எடுத்த அந்தப் படத்தை இப்போது பார்த்தால், அப்பா ஆற்றில் இறங்கும் அந்தக் கடைசிக் காட்சியில் இரண்டு குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 18 வயதில் என்னை அழவைத்ததும் இதுதானா, இல்லை அதற்கு முன்னால் வரும், அந்தக் குழந்தைகளின் அம்மா லட்சுமியின் சாவா? அந்த 18 வயதுப் பெண்ணாக இருந்த என்னிடம் கேட்க இப்போது வழியில்லை. அவள் எழுதிவைக்கவில்லை.

அந்த இழப்புதான் இதை எழுதக் காரணம். இது விமர்சனம் எழுதப் பழக்கும் பாடம் இல்லை. மார்க் போடுவதும் இல்லை. ஒரு படம் நம்மை எங்கே தொட்டது என்பதை, சூடு ஆறுவதற்குள் பிடித்துவைக்கும் வேலை இது. இத்தனை வருடங்களில் பல விதமாகச் செய்து பார்த்து எனக்குக் கைவந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். சும்மா பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் இரண்டு படங்களைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம்: 1954-ல் வந்த 'அந்த நாள்', 2024-ல் வந்த 'கொட்டுக்காளி'.

முதல் படி: நோட்டும் தலைப்பு வரியும்

கோடு போட்ட, 200 பக்க லாங் சைஸ் நோட்டு போதும். போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம். ஆனால் போனைக் கையில் எடுத்ததும் அடுத்தவர் கருத்து கண்ணில் பட்டுவிடும், அதனால்தான் நான் காகிதத்தை விடவில்லை. ஒரு படத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் இன்றைக்கு. வலது பக்கம் காலியாக இருக்கட்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மேலே தலைப்பு வரியில் படத்தின் பெயர், வெளியான வருடம், இயக்குநர், நீங்கள் பார்த்த தேதி ஆகியவை வேண்டும். இதோடு இன்னும் மூன்று விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள்: எங்கே பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள், எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரேம்குமாரின் 'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் வெளியாகி, சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் "படம் நீளம்" "நீளம் இல்லை" என்று சண்டை போட்டால், இருவருமே சரியாக இருக்கலாம். அவர்கள் பார்த்தது வேறு வேறு படம்.

பழைய படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அகலம் 4 என்றால் உயரம் 3. இன்றைய டிவியின் திரை 16-க்கு 9. டிவியை அப்படியே விட்டால் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பிவிடும். முகங்கள் உப்பிப்போகும், ஒல்லியான ஆள் பருமனாகத் தெரிவார். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 4:3 என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். இதற்கு நேரெதிர்த் தொல்லை சினிமாஸ்கோப் படங்களில். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்குப் பின் வந்த அகலத்திரைப் படங்களைப் பழைய டிவிக்காக இரு ஓரத்தையும் வெட்டிப் பதிவு செய்த பிரதிகள் நிறைய உலாவுகின்றன. இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரிந்தால், அது ஒளிப்பதிவாளரின் தப்பு இல்லை.

இரண்டாம் படி: ஜோடி சேர்ப்பது

புதுப் படம் மட்டுமே பார்ப்பவர்களுக்கு எல்லாமே புதுசாகத் தெரியும். பழசு மட்டுமே பார்ப்பவர்களுக்கு, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்ற பேச்சு வாயில் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு புதுப் படம் பார்த்தால் அந்த மாதத்துக்குள் அதோடு ஏதோ ஒரு நூலால் கட்டப்பட்ட ஒரு பழைய படத்தையும் பார்த்துவிடுவேன். நடிகர், இயக்குநர் என்று சேர்ப்பதைவிட, ஒரு தேர்வை வைத்துச் சேர்த்தால் பலன் அதிகம். "இந்தப் படம் எதை வேண்டாம் என்று விட்டது?" என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

'அந்த நாள்' பாட்டை விட்டது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த அந்தப் படத்தில் ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இயக்கியவர் சங்கீதக்காரர் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரியும். சரியாக 70 வருடம் கழித்து, பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' இன்னும் ஒரு படி போய்ப் பின்னணி இசையையும் விட்டது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்திருந்தால் தோன்றாத பல விஷயங்கள் தோன்றின.

மூன்றாம் படி: பார்ப்பதற்கு முன்

புதுப் படத்துக்கு எதுவும் தெரிந்துகொள்ளாமல் போங்கள். டிரெய்லர், மார்க், "செகண்ட் ஹாப் மட்டும் கொஞ்சம் லேக்" என்ற நண்பரின் மெசேஜ், எதுவும் வேண்டாம். அந்த "லேக்" காதில் விழுந்துவிட்டால், இடைவேளைக்குப் பிறகு நீங்கள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பழைய படத்துக்கு மாறாக, கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும். கதையை இல்லை, காலத்தை. 'அந்த நாள்' நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நேரத்தில். அதற்கு முந்தைய வருடமே ஜப்பான்காரன் வரப்போகிறான் என்ற பயத்தில் பாதி ஊர் சென்னையைக் காலிசெய்துவிட்டு ஓடியது. படம் வெளியானபோது அது 11 வருடத்துக்கு முந்தைய விஷயம்தான். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறியவர்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், குண்டுவீச்சைப் பற்றிப் பாத்திரங்கள் பேசும்போது அது வெறும் பின்னணியாக நின்றுவிடாது. என் பாட்டி "ஊரைக் காலிபண்ணின வருஷம்" என்று ஒரு வருடத்தைக் குறிப்பிடுவார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் எனக்குப் புரிந்தது.

வெளியான வருடம், அந்த வருடத்துக்கு முந்தைய பத்து வருடங்களில் ஊரில் நடந்தது, அந்த நடிகரை மக்கள் அதுவரை எப்படிப் பார்த்திருந்தார்கள். இந்த மூன்றும் போதும்.

நான்காம் படி: பார்க்கும்போது

எழுதாதீர்கள். தியேட்டரில் பேனா எடுத்தால் அடுத்த இரண்டு ஷாட் போய்விடும். எனக்கு ஒரு காட்சி எங்கேயோ தைத்தால் கையில் ஒரு விரலை மடக்கிக்கொள்வேன். படம் முடியும்போது எத்தனை விரல் மடங்கியிருக்கிறது என்று பார்த்தால் அத்தனை இடங்களும் மனசில் வரிசையாக வந்துவிடும். ஐந்துக்கு மேல் போனதே இல்லை. வீட்டில் பார்த்தால் நேரத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறியுங்கள்: 0:47, 1:12 என்று. நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் அரை மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

படம் முடிந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், மூன்று விஷயங்களை எழுத வேண்டும். கண்ணில் நின்ற ஒன்று. காதில் நின்ற ஒன்று. உறுத்திய ஒன்று. "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்ற இரண்டு வார்த்தைகளும் இந்தப் பக்கத்தில் வரவே கூடாது. அவை முடிவுகள். நமக்கு இப்போது வேண்டியது அதற்கு முந்தைய இடம்.

நான் 'கொட்டுக்காளி' பார்த்துவிட்டு, தியேட்டர் வண்டி நிறுத்தத்தில் அக்காவின் ஸ்கூட்டர் மேல் நோட்டை வைத்து எழுதியதை அப்படியே தருகிறேன் (மீனா, பாண்டிக்குக் கட்டிவைக்க இருக்கும் பெண். வேறொருவன் மேல் ஆசை வைத்ததால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டார் ஆட்டோவில் கூட்டிப்போகிறார்கள்):

"கண்: ஆட்டோவுக்குள் மீனா. சுற்றி எல்லாரும் பேசுறாங்க, அவ பேசல. காலைக் கட்டின சேவலும் அவளும் ஒரே வண்டில.

காது: பாண்டியோட கட்டின தொண்டை. கழுத்துல சுண்ணாம்பு தடவிருக்கான். கத்த முடியாதவன் கோபம் கைக்கு இறங்குது.

உறுத்தல்: அவன் அடிக்க ஆரம்பிச்சப்ப பின் வரிசைல ஒருத்தர் சிரிச்சார்."

இலக்கணம் பார்க்கவில்லை, வாக்கியம் முடிகிறதா என்றும் பார்க்கவில்லை. ஆனால் இந்த மூன்று வரியிலிருந்து அடுத்த ஒரு வாரம் யோசிக்க எனக்கு விஷயம் கிடைத்தது. அந்த மனிதர் ஏன் சிரித்தார்? பாண்டியாக நடித்தவர் சூரி. 2009-ல் 'வெண்ணிலா கபடிக்குழு'வின் பரோட்டா காட்சியிலிருந்து நம்மைச் சிரிக்கவைத்தே பழக்கியவர். 2023-ல் 'விடுதலை' வந்து அந்தப் பழக்கத்தை உடைத்த பிறகும், அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகும் உடம்பு நம்மிடம் மிச்சம் இருக்கிறது. படம் அதைத் தெரிந்தே பயன்படுத்துகிறது என்று இப்போது நம்புகிறேன். சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் நிற்கும் அந்த நொடிதான் படத்தின் அடி.

இன்னொன்றும் அந்தக் "காது" வரியிலிருந்துதான் வந்தது. பின்னணி இசையே இல்லாத இந்தப் படத்தில், பாண்டியின் வெறி வெடிப்பது ஒரு பாட்டால். வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. மீனாவின் உதடு அதோடு லேசாக அசைகிறது. அவ்வளவுதான். அவளுக்குள் இன்னும் ஓர் ஆசை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த உதட்டசைவுதான் சாட்சி, அதனால்தான் அவனால் தாங்க முடியவில்லை. படம் முழுக்க இசை இருந்திருந்தால் அந்தப் பாட்டு நம் காதில் தனியாக விழுந்திருக்குமா?

உறுத்தலை எழுதத் தயங்க வேண்டாம். உறுத்தல் என்றால் குறை என்று பொருளில்லை. புரியாதது, கூச்சமாக இருந்தது, கோபம் வந்தது, தியேட்டரில் நடந்தது, எல்லாம் அதில் சேரும்.

ஆறாம் படி: ஒரே ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்பது

மறுநாளோ அடுத்த வாரமோ, மடங்கிய விரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்தக் காட்சியை மட்டும் மூன்று தடவை பாருங்கள். முழுப் படத்தையும் மறுபடி பார்க்க நேரம் கிடைக்காது, தேவையும் இல்லை.

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. அப்போதுதான் கேமரா எங்கே நிற்கிறது, எப்போது வெட்டுகிறார்கள், யார் முகத்தில் வெளிச்சம் விழுகிறது என்பது தெரியும். 'அந்த நாள்' தொடக்கத்தில் துப்பாக்கி வெடித்து ராஜன் சாய்கிறான். ராஜனாக நடித்த சிவாஜி கணேசன், படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே செத்துவிடுகிறார். சத்தமில்லாமல் பார்த்தபோது, பிற்பாடு சந்தேகத்துக்கு ஆளான ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் அவர் முகத்தின் மேல் நிழல் எப்படி மாறி மாறி விழுகிறது என்று கவனித்தேன். வசனம் காதில் இருந்தவரை அது கண்ணில் படவில்லை.

இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு. ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. என் அம்மா பல படங்களை முதலில் கேட்டுவிட்டுத்தான் பிறகு பார்த்தார். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். மகள் இறந்தது தெரியாமல் ஊரிலிருந்து வந்த அப்பா, அவளுக்காக வாங்கிவந்த புடவையை எடுத்து நீட்டுகிறார். அம்மா உடைந்து அழுகிறாள். ஆனால் நம் காதில் விழுவது அவள் குரல் இல்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் ஓலமிடுகிறது. கண்ணைத் திறந்து பார்த்தபோது எனக்கு அது அழுகையாகவே பதிந்திருந்தது. மூடிக்கொண்டு கேட்டபோதுதான் மனுஷக் குரலே அங்கே இல்லை என்று தெரிந்தது.

மூன்றாம் தடவை, சாதாரணமாக. இப்போது உங்களுக்கே தெரியும் எதை எழுதுவது என்று.

"குறியீடு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல் இருக்க ஒரு பழக்கம் உதவும். பொருளை முதலில் பொருளாகவே எழுதுங்கள். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) முடிவில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், நடுவில் ஒரு பூ. டம்ளர் என்று எழுதினால்தான் டீக்கடை ஞாபகம் வரும். டீக்கடை என்றதும் இரட்டைக் குவளை முறை ஞாபகம் வரும். தனித்தனியாக வைக்கப்பட்ட குவளைகளின் ஊரில், இரண்டு டம்ளர்கள் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனாலும் ஒன்றாகிவிடவில்லை. நேராகக் "குறியீடு" என்று தாவியிருந்தால் இந்த வழி எனக்குக் கிடைத்திருக்காது.

ஏழாம் படி: பழைய படத்தில் தடுக்கி விழும் இடங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இளைய நண்பர்கள் பலர் பழைய படத்தை இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவது இங்கேதான்.

முதல் தடை நடிப்பு. "ஓவர் ஆக்டிங்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். 1952-ல் வந்த 'பராசக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜியின் முதல் படம். நீதிமன்றக் காட்சியில் அவர் பேசுவது வீட்டில் யாரும் பேசும் தமிழ் இல்லை. அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். மேடையில் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வசனத்தைக் கேட்க வந்த கூட்டம் அரசியல் மேடைத் தமிழையும் இதே காதால் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை வீட்டுப் பேச்சோடு ஒப்பிடுவது தவறு, மேடைப் பேச்சோடும் பாட்டோடும் ஒப்பிட வேண்டும். நான் அந்தக் காட்சியை ஒரு பாட்டாகக் கேட்கத் தொடங்கிய நாளில்தான் எங்கே அவர் மூச்சு எடுக்கிறார், எங்கே தாளம் மாற்றுகிறார் என்பது பிடிபட்டது.

அதே சிவாஜி இரண்டே வருடத்தில் 'அந்த நாள்' ராஜனாக வரும்போது குரல் இறங்கியிருக்கிறது. 'பராசக்தி'யில் ஜோடியாக வந்த பண்டரிபாய்தான் இதிலும் மனைவி. ஆட்கள் அதேதான், பேச்சு வேறு. இதைப் பார்த்த பிறகு "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நடிப்பார்கள்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது ஒரு தேர்வு, படத்துக்குப் படம் மாறியது.

இரண்டாம் தடை, "இது அதைப் பார்த்துச் செய்தது" என்ற பேச்சு. 'அந்த நாள்' என்றாலே ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) என்பார்கள். சொன்னதைக் கேட்டு எழுதாமல் இரண்டையும் பாருங்கள். 'ராஷோமான்' ஒரே சம்பவத்தை ஒருவரோடு ஒருவர் முரணாகச் சொல்லும் ஆட்களைக் காட்டி, உண்மை என்று ஒன்று உண்டா என்றே கேட்கிறது. 'அந்த நாள்' அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இங்கே ஒவ்வொருவரும் ராஜனின் ஒரு பக்கத்தைச் சொல்லி, சந்தேகத்தை இன்னொருவர் மேல் தள்ளுகிறார்கள். கடைசியில் உண்மை ஒன்றாகக் கிடைத்தும் விடுகிறது. என் கணக்கில் 'அந்த நாள்' கேட்பது வேறு: ஒரு கெட்டிக்காரன் தன் நாட்டின் மேல் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு எல்லை எது? சுதந்திரம் வந்து ஏழு வருடமான ஒரு நாட்டில் கேட்கப்பட்ட கேள்வி. (கொன்றது யார் என்பதை இங்கே சொல்லமாட்டேன். 70 வருடப் பழைய படமானாலும், முதல் தடவை பார்ப்பவருக்கு அது இன்றைக்கு வந்த படம்தான்.)

மூன்றாம் தடை, மனசுக்கு ஒவ்வாதவை. பெண்ணை அறைந்ததும் அவள் திருந்திவிடுவது, நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்யும் நகைச்சுவை. "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோவதும் சரியில்லை, படத்தையே தூக்கி எறிவதும் சரியில்லை. நோட்டில் இரண்டு வரி எழுதுவேன்: எனக்கு எப்படி இருந்தது, அந்தக் காட்சியில் இருக்கும் மற்ற பாத்திரங்களின் முகம் எப்படி இருந்தது. சில நேரம் ஓரத்தில் நிற்கும் ஒரு துணை நடிகையின் முகம், அந்த அறையை ஏற்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: புதுப் படத்தின் இரைச்சல்

புதுப் படத்தின் தொல்லை வேறு. முதல் நாள் முதல் காட்சியில் விசிலுக்கு நடுவே உட்கார்ந்தால் அந்த மகிழ்ச்சி உண்மைதான், அதையும் எழுதுங்கள். ஆனால் அது கூட்டத்தின் மகிழ்ச்சியா படத்தினுடையதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் அதுவும் ஒரு குறிப்புதான், தேதி போட்டு எழுதிவையுங்கள்.

ஒன்பதாம் படி: குறிப்பிலிருந்து ஒரு பக்கம்

இனி, முழு வாக்கியங்களில் ஒரு பக்கம் எழுதலாம். கதைச்சுருக்கத்தில் தொடங்காதீர்கள். மடங்கிய விரலில் தொடங்குங்கள். பழகிப்போன வார்த்தை வரும்போதெல்லாம் நிறுத்தி, அதற்குப் பின்னால் நீங்கள் பார்த்தது என்ன என்று கேளுங்கள்.

வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்', 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அதைப் பற்றி நான் முதலில் எழுதிய வாக்கியம்: "வறட்சியை ஒளிப்பதிவு அருமையாகக் காட்டுகிறது." அதை அடித்துவிட்டு எழுதியது: "கடைசியில் பெண்கள் ஒரு சின்ன ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, கலங்கலான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். குடம் நிரம்பாது என்று நமக்குத் தெரியும், ஆனாலும் படம் அங்கேயே இருக்கிறது. எனக்குப் பொறுமை போனது. அவர்களுக்குப் போகவில்லை." இரண்டாவதில் என் பொறுமையின்மையும் இருக்கிறது. அது எழுதியவரின் பக்கம், அதை யாரும் எனக்காக எழுதித் தர முடியாது.

நல்லா இல்லை என்று தோன்றிய படத்துக்கும் இதே விதிதான். "திரைக்கதையில் தொய்வு" என்பதற்குப் பதில், எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது, விலகி எங்கே போனது என்று எழுதுங்கள்.

பத்தாம் படி: வலது பக்கம்

இப்போது மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம், அக்காவோடு சண்டை போடலாம். உங்கள் எண்ணம் மாறினால் இடது பக்கத்தில் எதையும் அடிக்க வேண்டாம். வலது பக்கத்தில், வேறு நிற மையில், தேதி போட்டு எழுதுங்கள். சில வருடம் கழித்து அதே படத்தை மறுபடி பார்க்கும்போது அதுவும் அங்கேயே வரட்டும். பார்ப்பதற்கு முன் பழைய குறிப்பைப் படிக்கவே கூடாது. பார்த்து, எழுதி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும்.

என் நோட்டில், காளி என்ற அண்ணனையும் வள்ளி என்ற தங்கையையும் பற்றிய மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) மூன்று தடவை வருகிறது. முதலில் நீல மையில், 1998: "காளி மாதிரி ஒரு அண்ணன் இருந்தா போதும். வள்ளி கூட்டத்தை விட்டுட்டு அவன்கிட்ட ஓடுற இடம், பாலு மகேந்திரா கேமரா." அடுத்து பச்சையில், 2009, எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம்: "அண்ணன் சரின்னு சொன்ன பிறகுதான் அவளுக்குக் கல்யாணம். அவ ஓடினது பாசத்துலயா, பழக்கத்துலயா?"

மூன்றாவது சிவப்பு மையில், போன மார்கழியில் எழுதியது. கூடத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வள்ளியாக நடித்த ஷோபா திரையில் வந்ததும் அம்மா, "பாவம், 80-லயே போயிருச்சு இந்தப் பொண்ணு" என்றார். அதன்பிறகு வள்ளி சிரிக்கும் ஒவ்வொரு காட்சியும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. முடிவில் இந்த முறை நான், வள்ளியைக் கட்டிக்கொள்ள இருந்த, காளிக்குப் பிடிக்காத இன்ஜினியர் பக்கம் நின்று பார்த்தேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறாள், அவர் தடுக்கவில்லை. அதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னதை அப்படியே ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்:

"கட்டிக் குடுக்கும்போதும் உன்னைப் பிடிக்கலைன்னுதான் சொல்றான் பாரு. உங்க தாத்தாவும் உங்க அப்பாகிட்ட அப்படித்தான் சொன்னார்."